இரும்பு மனிதர் பட்டமும் இல்லத்தாரின் உரிமையும்

அண்மை ஆண்டுகளில் நம் மஹல்லா வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு புதுவகைப் புகைப்படம் வரத் தொடங்கியிருக்கிறது. வியர்வையில் நனைந்த ஒருவர், முடிவுக்கோட்டு வளைவின் கீழ் இரு கைகளையும் உயர்த்தி நிற்பார். கழுத்தில் பதக்கம் தொங்கும். ‘மாஷா அல்லாஹ்’, ‘பாரகல்லாஹ்’ என்று வாழ்த்துகள் மளமளவெனக் குவியும். நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் இடைநிறுத்தமின்றி ஒரே மூச்சில் முடிக்கும் ட்ரையத்லான் போட்டி, கணக்கர்களும் கடைக்காரர்களும் மென்பொருள் ஊழியர்களும் வார இறுதியில் பங்கேற்கும் ஒன்றாகிவிட்டது. சில ஆண்டுகளாக நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஆகவே இக்கட்டுரை வெளியே நின்று பழிப்பவனின் எழுத்தன்று.

இந்த விளையாட்டு நம் சமூகத்து நடுத்தர வயதினருக்கு மிகவும் தேவையான ஒன்று என்பது என் கருத்து. அதே வேளையில், நாம் அதைக் கொண்டாடும் முறையில் ஒரு பிழை இருக்கிறது என்றும் கருதுகிறேன். நெடுந்தொலைவை முடித்தவரை மட்டுமே வீரராக மதிக்கிறோம். அந்தத் தொலைவுக்கு அவர் செலவிட்ட மணிகள் யாருடையவை என்று கேட்பதில்லை.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சில விவரங்கள். ட்ரையத்லான் என்பது ஒரே அளவுடைய போட்டியன்று. ‘ஸ்பிரிண்ட்’ எனப்படும் குறுந்தொலைவில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் நுழைந்த தொலைவு இதைப் போல் இருமடங்கு: 1.5, 40, 10. அதற்கு மேல் 1.9, 90, 21.1 என்ற அரைத்தொலைவு. 2019 முதல் கோவாவின் மிராமர் கடற்கரையில் நடைபெறும் அயர்ன்மேன் 70.3 போட்டி இவ்வகையைச் சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலே 3.8, 180, 42.2 என்ற முழு அயர்ன்மேன். அதை முடிக்கப் பெரும்பாலான இடங்களில் 17 மணி நேரம் வரை அளிக்கிறார்கள். காலையில் கடலில் இறங்குபவர் நள்ளிரவில் கரைசேரலாம்.

முழுத்தொலைவின் பிறப்பே ஒரு வாய்ச்சண்டையில்தான். நீச்சல் வீரர், ஓட்ட வீரர், மிதிவண்டி வீரர் ஆகியோரில் உடல்வலிமை மிக்கவர் யார் என்று ஹவாய்த் தீவில் நடந்த விவாதத்தைத் தீர்க்க, அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் அங்கு ஏற்கெனவே தனித்தனியே நடந்துவந்த மூன்று பெரும் பந்தயங்களை ஒன்றாகக் கோத்தார். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் தொடங்கினர். 12 பேர் முடித்தனர். முடித்தவர் ஆயுள் முழுவதும் பெருமையடித்துக்கொள்ளலாம் என்று போட்டியாளர்களுக்கு அளித்த குறிப்பிலேயே வேடிக்கையாக எழுதியிருந்தார்கள். நான்காண்டுகள் கழித்து ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, முதலிடத்தில் வந்துகொண்டிருந்தவர், முடிவுக்கோட்டுக்கு அருகே கால்கள் துவண்டு விழுந்து, தவழ்ந்தே கோட்டைக் கடந்தார். தொலைக்காட்சி அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. தன்னைத்தானே வதைத்துக்கொள்வதுதான் இவ்விளையாட்டின் உச்சம் என்ற எண்ணம் வலுப்பட்டதில் அந்தக் காட்சிக்குப் பெரும் பங்குண்டு. வேடிக்கையாக எழுதிய அந்த ‘ஆயுட்காலப் பெருமை’யும் இன்று பலருக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை, காலில் பச்சைகுத்திக்கொள்வோர்கூட உண்டு. நம்மவர்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. வாகனத்தின் பின்கண்ணாடியில் ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. ஜான் காலின்ஸும் அவருடைய மனைவி ஜூடியும், 1974இல் சான் டியாகோவின் மிஷன் பே பகுதியில் 46 பேருடன் நடந்த முதல் ட்ரையத்லானில் பங்கேற்றவர்கள். ஹவாய்ப் போட்டியைத் தொடங்கியதிலும் இருவருக்கும் பங்குண்டு. பின்னர் இது ஆண்கள் வீட்டைவிட்டு விலகிச் செல்லும் வழியாக மாறியதுதான் விந்தை.

முதலில் நன்மையைப் பேசுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருக்கிறது, 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். நம் தெருவில் இதை உறுதிசெய்ய ஆய்வு தேவையில்லை. வலீமா விருந்தில் ஒரு ஸஹனைச் சுற்றி அமரும் நால்வரில், சாப்பிடுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுப்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் போதும். வளைகுடா நாடுகளில் இருபது ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பும் சகோதரர்கள் பெட்டியோடு சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். இத்தகையவர்களுக்கு ‘நடந்து பாருங்கள்’ என்று மருத்துவர் சொல்வது இரண்டு வாரம் நிற்கும். ஆனால் ஒரு தேதியும் அந்தத் தேதியில் ஒரு போட்டியும் இருந்தால் மனிதன் எழுந்துவிடுகிறான். மூன்று விளையாட்டுகள் என்பதால் பளு ஓர் உறுப்பில் மட்டும் விழுவதில்லை. ஓடி ஓடி முழங்கால் தேய்ந்தவர்கூட நீரில் நீந்தலாம், வண்டி மிதிக்கலாம்.

அதிலும் நீச்சல் செய்யும் நன்மை உடலோடு நிற்பதில்லை. நாற்பத்தைந்து வயதில் நீச்சல் குளத்துக்குப் போகும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கடையில் பத்துப் பேருக்குக் கட்டளையிடுபவர். ஜமாஅத் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்பவர். குளத்தில் அவர் ஆறு வயதுச் சிறுவர்களோடு ஆழம் குறைந்த பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்க வேண்டும். ‘அண்ணே, மூச்சைத் தண்ணிக்குள்ளே விடுங்க, வெளியே வந்து இழுங்க’ என்று இருபது வயதுப் பயிற்றுநர் நாற்பதாவது முறையாகச் சொல்வார். அவர் விழுங்கிய நீரை இருமிக்கொண்டிருக்கையில், பக்கத்துச் சிறுமி ஒருத்தி குளத்தின் மறுமுனைவரை போய்த் திரும்பியிருப்பாள். வேறெந்த இடத்திலும் நம் வயதினர் இவ்வாறு தொடக்கநிலை மாணவராவதில்லை. இரண்டு மாதம் கழித்து, நிற்காமல் 25 மீட்டரைக் கடக்கும் நாளில் அந்த முகத்தில் வரும் மலர்ச்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடலோர ஊர்களில் பிறந்தோர் நம்மில் ஏராளம். மரக்கலம் ஓட்டியவர்களும் முத்துக் குளித்தவர்களும் நம் முன்னோர்கள் என்று மேடைகளில் பெருமை பேசுகிறோம். அந்த முன்னோர்களின் பேரர்களோ கணுக்கால் நனையும் அளவுக்கு மேல் கடலில் இறங்குவதில்லை. பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்கச் சொல்லும் செய்தியொன்று நபிமொழி என்ற பெயரில் அடிக்கடி பகிரப்படுகிறது. அதை உமர் (ரலி) அவர்களின் கூற்றாகவே அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர். யாருடைய கூற்றாயினும், அதைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் பிள்ளையைக் குளத்துக்கு அழைத்துச் சென்றார்கள் என்பதே என் ஐயம்.

இனி மணிக்கணக்கு. குறுந்தொலைவுக்கு வாரம் நான்கைந்து மணி நேரப் பயிற்சி போதும். அரைத்தொலைவுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். முழுத்தொலைவுக்குப் பதினைந்தைத் தாண்டும். வாரம் பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்து ஆறு மாதங்களுக்கு, அதாவது 24 வாரங்களுக்குக் கணக்கிட்டால் 288 மணி நேரம் வரும். இரவும் பகலுமாகப் பன்னிரண்டு முழு நாள்கள். இது கைக்கடிகாரம் பதிவுசெய்யும் கணக்கு மட்டுமே. குளத்துக்குப் போய்வரும் நேரம் இதில் இல்லை. சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடும் நேரம் இல்லை. ஞாயிறு அதிகாலை நெடும்பயணம் இருப்பதால் சனிக்கிழமை இஷாவுக்குப் பின் எவர் வீட்டு விருந்துக்கும் போக இயலாது. அதுவும் இதில் இல்லை. ஞாயிறு பத்து மணிக்குத் திரும்பி, உண்டு, பிற்பகல் முழுவதும் மரக்கட்டைபோல் உறங்கும் நேரத்தை எந்தக் கடிகாரமும் பயிற்சி என்று குறிப்பதில்லை.

அந்த நேரத்தில் வீட்டில் நடப்பது என்ன? பிள்ளைகளை மக்தபுக்கு அனுப்புவது ஒருவர். மாமியாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது அவரே. எரிவாயு உருளை வந்தால் கதவைத் திறப்பதும், உறங்குபவர் விழித்துவிடாமல் பிள்ளைகளை அதட்டி அடக்குவதும் அவரே. வளைவின் கீழ் எடுத்த படத்தில் அந்த அம்மையார் இருப்பதில்லை. சிலர் நன்றி தெரிவித்து ஒரு வரி எழுதுகிறார்கள். என் மனைவியின் தியாகமின்றி இது இயன்றிருக்காது என்று. எழுதுபவர் நல்ல மனத்தோடுதான் எழுதுகிறார். ஆனால் தியாகம் என்பது தானே விரும்பி அளிப்பது. போட்டிக்குப் பணம் கட்டிவிட்டு வந்து வீட்டில் அறிவித்ததன் பின் அவருக்கு விரும்பவோ மறுக்கவோ என்ன இடம் இருந்தது?

ஸல்மான் (ரலி), அபுத்தர்தா (ரலி) ஆகிய இருவரின் நிகழ்வு நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே, புகாரியில் பதிவாகியிருப்பது. அபுத்தர்தா பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார். அவருடைய வீட்டுக்கு வந்த ஸல்மான், அவர் மனைவி தம்மைப் பேணாமல் எளிய கோலத்தில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டறிந்தார். பின்னர் நண்பரை உண்ணவும் உறங்கவும் வைத்து, இறைவனுக்கும் தம் உடலுக்கும் குடும்பத்துக்கும் அவர்மீதுள்ள உரிமைகளை எடுத்துரைத்தார். ஸல்மான் சொன்னது சரியே என்று நபி (ஸல்) அவர்கள் உறுதிசெய்தார்கள். அங்கே எல்லை வகுக்கப்பட்டது வணக்கத்துக்கு. வணக்கத்துக்கே எல்லை உண்டென்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும் நூறு கிலோமீட்டர் பயணத்துக்கு எல்லை இல்லாமல் போகுமா?

இதற்கு வழக்கமாக வரும் மறுமொழி, ‘உடல்நலத்துக்காகத்தானே செய்கிறேன்’ என்பது. இங்கேதான் நேர்மை தேவைப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. அத்துடன் இரண்டு நாள் தசைப்பயிற்சி. குறுந்தொலைவு ட்ரையத்லானுக்குப் பயிற்சி செய்பவர் இதை எளிதில் நிறைவுசெய்துவிடுகிறார். அதற்கு மேலுள்ள எட்டு மணி நேரம் அவருடைய விருப்பத்துக்குரியது, ஆசைக்குரியது. ஆகுமான ஆசை, சந்தேகமில்லை. ஆனால் அதை மருத்துவச் செலவுக் கணக்கில் எழுதக் கூடாது. ‘இது எனக்குப் பிடித்திருக்கிறது, இதற்கு உன்னுடைய ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது வேண்டும், தருவாயா?’ என்று கேட்பவருக்கும், ‘என் உடல்நலம் உனக்கு முக்கியமில்லையா?’ என்று கேட்பவருக்கும் பெரிய வேறுபாடு உண்டு. இரண்டாவது கேள்வி எதிரிலிருப்பவரின் வாயை அடைத்துவிடுகிறது. எந்தக் காரியத்துக்கும் மஷூரா செய்யச் சொல்லிப் பிறருக்கு உபதேசிக்கும் நாம், போட்டிப் பதிவுக்கு முன் வீட்டில் மஷூரா செய்வதில்லை.

தேநீர்க்கடைப் பலகையிலும் கைப்பேசித் திரையிலும் கழியும் நேரத்தைவிட இது மேலல்லவா என்று ஒரு நண்பர் வாதிட்டார். பயிற்சிக்கான மணிகள் அங்கிருந்து எடுக்கப்பட்டால் மிக்க மகிழ்ச்சி. நான் பார்த்தவரையில் தேநீர்க்கடை மணிகள் அப்படியே இருக்கின்றன. குறைவது வீட்டுக்குரிய மணிகளே. கைப்பேசியிலோ நேரம் கூடுகிறது. பயணத்தின் வரைபடத்தைப் பதிவேற்றி, இதயத்துடிப்பு எத்தனை, சராசரி வேகம் எத்தனை என்று பகிர்ந்து, மற்றவரின் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் ஒரு மணி நேரம் வேண்டுமே.

தொழுகையைப் பொறுத்தவரை இவ்விளையாட்டு தடையாக இருக்கும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. உண்மையில் அதிகாலையில் எழும் பழக்கம் பெரிய உதவி. அலாரம் வைக்காமலே எழுபவர்களாகச் சிலர் மாறியிருக்கிறார்கள். சிக்கல் ஜனவரி மாதத்தில் வரும். மே, ஜூன் மாதங்களில் சென்னையில் நாலரை மணிக்கு முன்பே சுபுஹு நேரம் வந்துவிடுகிறது, தொழுதுவிட்டே கிளம்பலாம். ஜனவரியில் ஐந்தேகால் ஆகும். குழுவோ வெயிலுக்கு முன் திரும்ப எண்ணி நாலரைக்கே புறப்பட்டுவிடும். எங்களில் சிலர் கண்ட வழி எளியது: திருவான்மியூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் கோவளம். அங்கே பள்ளிவாசல் இருக்கிறது. இருக்கைக்குப் பின்னாலுள்ள சிறு பையில் உதிரி டியூபோடு ஒரு கைலியையும் மடித்து வைத்துக்கொள்வோம். குழுவிலுள்ள பிற மதத்து நண்பர்கள் அந்தக் கால் மணி நேரத்தைத் தேநீருக்கு ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

போட்டி நாளிலும் இதே போலத்தான். காலை ஏழு மணியளவில் தொடங்கும் அரைத்தொலைவுப் போட்டிக்கு எட்டரை மணி நேரம் வரை அவகாசம். பெரும்பாலோர் லுஹர் நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஐயம் இருப்பவர், மிதிவண்டியை நிறுத்தி ஓட்டக் காலணிக்கு மாறும் இடத்தில், நேரம் வந்திருந்தால் அங்கேயே தொழுதுகொள்ளலாம். நிற்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், ஓடட்டும். முழு அயர்ன்மேனில் லுஹர் முதல் இஷா வரை நான்கு வேளைகள் குறுக்கிடும். அதில் எது ஆகும், எது ஆகாது என்பதைத் தெருவில் நிற்கும் என்னிடம் கேட்காமல் ஆலிம்களிடம் கேளுங்கள். பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். போட்டி உடை பெரும்பாலும் தொடையின் நடுவிலேயே முடிந்துவிடும். முழங்காலை மறைக்கும் உடைகளும் கிடைக்கின்றன. நீர் வெதுவெதுப்பாக இருக்கும் நம் பக்கத்துப் போட்டிகளில் மிதக்க உதவும் ரப்பர் உடைக்குத் தடை உண்டு. பிற நீச்சல் உடைகளுக்கும் விதிகள் இருப்பதால், நடத்துநருக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது. ரமளானைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்த மாதம் உடற்பயிற்சியில் முன்னேறுவதற்கான மாதமன்று. இஃப்தாருக்கு முன் அரை மணி மெதுவோட்டமோ தராவீஹுக்குப் பின் சிறிது நேர மிதிவண்டியோ போதும்.

ஆபத்தைச் சொல்லாமல் விடுவது அமானிதத்துக்கு மாறு. அமெரிக்கப் போட்டிகளில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும் மாரடைப்புச் சம்பவங்களையும் தொகுத்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. மொத்தம் 135 பேர். அவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலில். சராசரி வயது 47ஐ ஒட்டியது. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். விகிதமாகப் பார்த்தால் ஒரு லட்சம் பங்கேற்பாளருக்கு இரண்டு பேருக்கும் குறைவே. அஞ்சி ஓடத் தேவையில்லை. ஆனால் அந்த வயதும் அந்தப் பாலினமும் யாரைக் குறிக்கின்றன என்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். குளத்தின் அடியில் தெரியும் கறுப்புக் கோட்டைப் பார்த்தே நீந்திப் பழகியவர், கலங்கிய கடலில் நூறு பேரின் கைகால்களுக்கிடையே இறங்கும்போது மூச்சுத் திணறுகிறார். இதயம் தாறுமாறாகத் துடிக்கிறது. வங்கக் கடலின் நீரோட்டம் குளத்தில் பெற்ற சான்றிதழை மதிப்பதில்லை. நாற்பதைத் தாண்டியவர், குறிப்பாகச் சர்க்கரையோ குடும்பத்தில் இதயநோயோ உள்ளவர், மருத்துவரிடம் சோதனை செய்துகொள்ளாமல் இறங்கக் கூடாது. கடலில் துணையின்றி ஒருபோதும் நீந்தக் கூடாது. இறங்கிய பின் நெஞ்சில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் கையை உயர்த்திப் படகை அழைத்துவிட வேண்டும். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ‘பாதியில் விட்டவன்’ என்ற பெயருக்கு அஞ்சி மேலும் இருநூறு மீட்டர் நீந்தும் மனநிலையை வளர்ப்பதில் நம் வாழ்த்துமழைக்கும் பங்குண்டு.

பெண்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க இயலாது. பயணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் கூட்டத்தாரை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் வைத்த செய்தி அபூதாவூதில் உள்ளது. முதல் முறை ஆயிஷா முந்தினார். பின்னொரு நாள் நபியவர்கள் முந்தி, அதற்கு இது ஈடு என்று சொல்லிச் சிரித்தார்கள். விளையாட்டு ஆகுமானது என்பதற்குச் சான்றாக இந்நிகழ்வை நாம் மேற்கோள் காட்டுகிறோம். அவர்கள் மனைவியை விட்டுவிட்டு ஓடவில்லை, மனைவியோடு ஓடினார்கள் என்ற பகுதியை ஏனோ தாண்டிப் போய்விடுகிறோம். வாரம் பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி செய்யும் ஆண்களை நான் அறிவேன். அவர்களுள் சிலருடைய மனைவியருக்கு வாரம் அரை மணி நேரம் மாடியில் நடக்கக்கூட ஓய்வில்லை. சர்க்கரை நோய் அந்த அம்மையாரையும் விட்டுவைப்பதில்லை.

உடை ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஈரானைச் சேர்ந்த ஷிரின் கெராமி, 2013இல் லண்டனில் நடந்த உலகப் போட்டியின் வயதுப்பிரிவில் முழுதும் மறைக்கும் உடையணிந்து பங்கேற்று, தம் நாட்டின் சார்பில் ட்ரையத்லானில் கலந்துகொண்ட முதல் பெண்ணானார். அந்த உடையை வடிவமைத்து, தம் நாட்டு அதிகாரிகளின் ஒப்புதலைப் பெற அவர் நெடுநாள் போராட வேண்டியிருந்தது. 2016இல் ஹவாயின் முழுத்தொலைவையும் முடித்தார். ஆகவே உடைக்கு வழி பிறந்துவிட்டது. நம் ஊர்ப் பெண்களுக்கு இல்லாதது இடமும் நேரமும்தான். பெண் பயிற்றுநருடன், பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய நேரம் எத்தனை நீச்சல் குளங்களில் இருக்கிறது? இருக்கும் இடங்களிலும் அது பிற்பகல் மூன்று மணியாக இருக்கிறது. பள்ளியிலிருந்து பிள்ளைகள் திரும்பும் நேரம்.

என் விருப்பம் இதுதான்: அயர்ன்மேனை முடித்தவருக்குப் பள்ளிவாசல் வளாகத்தில் பதாகை வைக்கும் செலவில், ஒரு குளத்தின் மாலை நேரத்தை மஹல்லாவுக்காக வாடகைக்கு எடுக்கலாம். குறுந்தொலைவுப் போட்டியில் பத்துக் குடும்பங்கள் ஒன்றாகப் பங்கேற்கலாம். நீந்தத் தெரிந்தவர் நீந்த, மகன் மிதிவண்டி ஓட்ட, இன்னொருவர் ஓட என்று ஒரே குழுவாகப் பிரித்துக்கொண்டு செய்யும் அஞ்சல் முறையும் பல போட்டிகளில் உண்டு. அதற்கும் பதக்கம் தருகிறார்கள், எடை சற்றுக் குறைவு.

எங்கள் பகுதிக் குளமொன்றின் மேலாளரிடம் சென்ற மாதம் இதைப் பற்றிப் பேசினோம். சனி, ஞாயிறு மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை பெண்களுக்கு மட்டும் ஒதுக்க அவர் இணங்கினார். பெண் பயிற்றுநர் ஒருவரையும் ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். இருபது பேராவது சேர வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. இதை எழுதும்போது பதினான்கு பெயர்கள் வந்துள்ளன. அவற்றுள் இரண்டு, அறுபது வயதைக் கடந்த உம்மாமார்களுடையவை. இன்னும் ஆறு பேர் வேண்டும். மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார்.